குறை சொன்னவள்

முதல் சாவியைப் பார்த்தது நாகலூரில்,
மீட்டர் கணக்கெடுக்கப் போன
காப்பித் தோட்டத்துப் பங்களாவில்.
கரண்ட் பில் பறக்காமலிருக்க
அதன்மேல் வைத்திருந்தார்கள்.
ஜனவரி. என் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.
"இது எந்தப் பூட்டுக்கு?" என்றேன்.
பிலோமினா சிரித்தார். குமிழை அழுத்திக் காட்டினார்.
கட்டுக் கட கட.
"முந்நூறு கொடு, எடுத்துக்கோ.
பில்லுக்கு ஒரு கல் போதும்."

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்:
தேக்குப் பலகை, பித்தளைத் தண்டு,
அது ஆட இருபுறமும் கூர்த்திருகு,
தொட்டுத் தொட்டு விலக
மேலொன்று கீழொன்றாய் வெள்ளிப் பொட்டு.
பொட்டின் முகத்தில் அம்மைத் தழும்பு.
பொறி தின்ற வெள்ளி அப்படித்தான் இருக்கும்.
எத்தனை சாவு இந்தச் சாவி வழியே போயிருக்கும்
என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு.
நான் லென்ஸை வைத்துத் தழும்பை எண்ணுகிறவள்.

மாற்றலில் சேலத்துக்கு இறங்கினேன்.
ஞாயிறுதோறும் செவ்வாய்ப்பேட்டை,
இதாயத்துல்லா பாயின் காயலான் கடை.
பிரஷர் குக்கர் மூடிகளுக்கு நடுவே
ஒருநாள் ஒரு சாவி, நாலாயிரம்.
"வெள்ளி பளபளக்குது பாய்,
இது கொலுசு வெள்ளி. ஒரு சேதியும் போனதில்லை இதில்."
பாய் தாடியைத் தடவினார்.
அடுத்த மாதம் வந்ததில் பொட்டு கருகியிருந்தது,
ஸ்கூட்டர் பேட்டரியில் சுட்ட மாதிரி.

"திருகின் புரி மில்லிமீட்டர்.
பழசு அங்குலக் கணக்கு."
அடுத்த மாதம் அங்குலம்.

"குமிழைத் தேய்த்து மோந்து பாருங்க.
எபோனைட் என்றால் கந்தகம் வீசணும்,
இதில் ஆஸ்பத்திரி வாசம்."
அதற்கடுத்த மாதம்
கந்தகம். தீபாவளி மறுநாள் தெரு போல.

நானும் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.
கெட்டிக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா?
பலகையின் அடியில் பச்சைத்துணி, பித்தளையின் களிம்பு,
இலாகா முத்திரையில் ஓர் எழுத்தின் கால்.
ஒவ்வொன்றும் போய்
ஒவ்வொன்றாய்த் திருந்தி வந்தது.

மார்ச் மாதம் சிவதாபுரம்.
ஓட்டு வீடு, சிங்கிள் பேஸ்,
அட்டையில் பெயர் அ. கோமளவல்லி.
மீட்டருக்குக் கீழே திண்டில்
ஆறு சாவிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன,
வடகம் போல வெள்ளைத் துணி விரித்து.
உள்ளே கொலுசுக்குப் பொடி வைத்து ஊதும் சத்தம்.
சுவரில், காலண்டரின் பின்பக்கத்தில்,
பால்பாயிண்ட் பேனாவில் ஒரு பட்டியல்.
வெள்ளி. புரி. வாசம். துணி. களிம்பு.
என் வார்த்தைகள். நான் சொன்ன வரிசை.
முத்திரைக்கு மட்டும் டிக் விழவில்லை.

கோமளவல்லி ஊதுகுழலை வைத்துவிட்டு வந்தாள்.
என் வயதுதான் இருக்கும், ஒரு கண் புகையில் சிவந்து.
நான் பார்த்ததைப் பார்த்தாள்.
என் கழுத்தில் தொங்கிய லென்ஸையும் பார்த்தாள்.
"எல்லாம் சரியா இருக்குங்களா?"

"மீட்டர் சரியா இருக்கும்மா.
நானூற்றுப் பன்னிரண்டு யூனிட்."

எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்தேன்.
டீக்கடையில் நின்றபோதுதான்
அட்டையில் தேதி போடாதது நினைவு வந்தது.

அந்த ஞாயிறு
பேரம் பேசாமல் ஒன்று வாங்கினேன், ஒன்பதாயிரம்.
பாய் இரண்டு தடவை எண்ணினார் நோட்டை.
"குறை ஒண்ணும் இல்லியாம்மா?"
"இல்லை பாய்."

வீட்டில் நாகலூர்ச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
கண்ணை மூடி இடம் மாற்றினேன்,
மறுபடி மாற்றினேன்.
லென்ஸ் தேற்றவில்லை. மூக்கு தேற்றவில்லை.

ஆனால் ஒன்று மிச்சமிருக்கிறது.
இருட்டிலும் எது பிலோமினாவுடையது என்று
எனக்குத் தெரியும்.
எப்படி என்று பாயிடம் சொல்லவில்லை.
இங்கேயும் எழுதப்போவதில்லை.